காசை வாசிக்கக் கற்போம்
(பழைய நிக்கல்களில் இரட்டை அச்சுத் தேடல் குறித்த சொற்பொழிவு)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை 5 கிராம். குறுக்களவு 21.2 மில்லிமீட்டர். அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசு அது. அந்த நாட்டு மக்கள் அதை நிக்கல் என்றே அழைக்கிறார்கள். முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல் கலந்து 1866-ல் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் சில ஆண்டுகளை விட்டுவிட்டால், இன்றுவரை அதே கலவையில் அச்சாகிறது.

அந்தப் பழைய நிக்கல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்து, அவற்றில் இரட்டை அச்சு விழுந்த காசுகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்காகத் தேடுகிறார்கள்? எப்படித் தேடுகிறார்கள்? கண்டதை எப்படி உறுதி செய்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதே இன்றைய என் உரை. மூன்றுக்கும் அடியில் ஓடுகிற செய்தி ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்முறை தெரிந்தவர்க்கே பிழை தெரியும். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று அறிந்தவரின் கண்தான் அந்தப் பொருளில் உள்ளதைப் பார்க்கிறது.

பெரியோர்களே, எத்தனையோ காசுகள் இருக்க நிக்கலை ஏன் தேட வேண்டும்? நல்ல கேள்வி. அமெரிக்காவில் 1964 வரை பத்து சென்ட் காசும் இருபத்தைந்து சென்ட் காசும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965-ல் சட்டம் மாறியது. புதிய காசுகளில் வெள்ளி இல்லை. மக்கள் என்ன செய்தார்கள்? பழைய வெள்ளிக் காசுகளை எடுத்துப் பெட்டியில் பூட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அவை கடைவீதியிலிருந்து மறைந்தே போயின. ஆனால் நிக்கலில் பூட்டி வைக்க என்ன இருக்கிறது? போர்க்காலக் காசுகளை விட்டுவிட்டால், அதில் வெள்ளி இல்லை, பொன் இல்லை. ஆகவே யாரும் அதைத் தனியே எடுத்து வைக்கவில்லை. 1940-களில் அச்சான நிக்கல், எண்பது ஆண்டுகள் கடந்தும் இன்றைக்கு ஒரு கடையின் சில்லறைப் பெட்டியில் கிடக்கிறது. மதிப்பில்லை என்று உலகம் ஒதுக்கியதாலேயே தப்பிப் பிழைத்த காசு அது. தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

இப்போது பட்டறைக்குள் போவோம். காசு எப்படி அச்சாகிறது?

வெறும் உலோக வில்லை ஒன்று. அதன் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. இரண்டும் ஒரே நொடியில் பெரும் விசையோடு அழுத்துகின்றன. வில்லை காசாகிறது. பட்டறைக்காரர்கள் இந்த அச்சை டை என்பார்கள். காசில் மேடாக இருப்பதெல்லாம் டையில் பள்ளமாக இருக்கும். சரி, டைக்கு அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு தாய் உண்டு. அதன் பெயர் ஹப். ஹப்பில் உருவமும் எழுத்தும் காசில் உள்ளதுபோலவே மேடாக நிற்கும். மென்மையான எஃகுத் துண்டின் மேல் ஹப்பை வைத்து அழுத்துவார்கள். எஃகில் பள்ளம் விழும். டை பிறக்கும்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. கவனியுங்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் முழு உருவமும் இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடும். ஆகவே அதை உலையில் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி மென்மையாக்கி, மீண்டும் ஹப்பின் அடியில் வைத்து அழுத்துவார்கள். ஒரு டைக்கு இரண்டு முறை, மூன்று முறைகூட இப்படி நடக்கும். இரண்டாவது முறை வைக்கும்போது, முதல் முறை விழுந்த பள்ளத்தின் மேல் ஹப் மிகச் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினால் என்ன ஆகும்? அலுவலகத்தில் ரப்பர் முத்திரையைக் காகிதத்தில் குத்திவிட்டு, சரியாகப் பதியவில்லை என்று அதே இடத்தில் சற்றே திரும்பிய கையோடு மறுபடி குத்தினால் எழுத்துக்கு நிழல் விழுமே, அதேதான் டையிலும் நடக்கும். இரண்டு உருவங்கள், ஒன்றை ஒன்று ஒட்டி, எஃகில் நிலைத்துவிடும். அதுதான் இரட்டை அச்சு.

ஹப் திரும்பியிருக்கலாம். பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். சாய்ந்திருக்கலாம். வேறு ஆண்டுக்குரிய ஹப்பையே இரண்டாம் முறை வைத்திருக்கலாம். இப்படிப் பிழை வந்த வழியை வைத்து இரட்டை அச்சுகளை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். கண்ணுக்குத் தெரிவது விளைவு. அவர்கள் வகைப்படுத்துவதோ காரணத்தை! செய்முறை தெரிந்தவர்க்கே பிழை தெரியும் என்று நான் சொன்னதற்கு இதுவே முதல் சான்று.

அந்த டை ஒரு காசோடு நின்றுவிடுவதில்லை. தேய்ந்து கழியும்வரை ஆயிரமாயிரமாய்க் காசு அடிக்கும். அது அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே அளவில் விழும். இதை நெஞ்சில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் திரும்பி வருவேன்.

நண்பர்களே, சில புகழ்பெற்ற காசுகளைப் பார்ப்போம்.

முதலாவது, 1916-ஆம் ஆண்டின் எருமை நிக்கல். ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் என்ற சிற்பி வடித்த காசு. 1913 முதல் 1938 வரை வெளிவந்தது. ஒரு பக்கம் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் முகம். மறுபக்கம் பைசன் எருமை. 1916-ல் ஃபிலடெல்பியா நாணயச்சாலையில் மட்டும் 6 கோடிக்கு மேல் நிக்கல்கள் அச்சாயின. அவற்றில் ஒரே ஒரு டையிலிருந்து வந்த காசுகளில், 1916 என்ற எண் தெள்ளத் தெளிவாக இரண்டு முறை தெரிகிறது. தேய்ந்த காசாக இருந்தாலும் இன்று அது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும்.

ஆனால் இதில் ஒரு சோகமும் இருக்கிறது. எருமை நிக்கலில் தேதி எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த மனிதரின் தோளில், மேடான பகுதியில். கைமாறக் கைமாற முதலில் தேய்வது அதுதான். இரட்டிப்பு நன்றாகத் தெரிவதும் அந்தத் தேதியில்தான். நம் கண்ணில் பட வேண்டிய சான்று, மக்கள் விரல் பட்டே அழிந்துபோகிறது. யாராவது அன்றைக்கே கவனித்திருந்தால் எத்தனை காசுகள் பிழைத்திருக்கும்! காலம் தாழ்த்தாமல் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் காசைவிட உருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, 1939-ஆம் ஆண்டின் ஜெஃபர்சன் நிக்கல். எருமை நிக்கலுக்கு அடுத்து 1938-ல் வந்த காசு இது. போட்டி வைத்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபெலிக்ஸ் ஷ்லாக் என்ற சிற்பி வென்றார். பரிசு 1,000 டாலர். முன்பக்கத்தில் தாமஸ் ஜெஃபர்சன். பின்பக்கத்தில் வர்ஜீனியாவில் உள்ள அவருடைய இல்லம் மான்டிசெல்லோ. 1939-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில், அந்த இல்லத்துக்குக் கீழே உள்ள மான்டிசெல்லோ என்ற எழுத்துகளும், அதற்கும் கீழே ஃபைவ் சென்ட்ஸ் என்ற எழுத்துகளும் இரட்டையாக நிற்கின்றன. லென்ஸ் இல்லாமலே கூர்ந்த கண்ணுக்குப் பிடிபடும். தேடத் தொடங்குகிற மாணவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய காசு இது.

மூன்றாவது, 1943. உலகம் போரில் எரிந்துகொண்டிருந்த ஆண்டு. கவசத் தகடுகளுக்கு நிக்கல் உலோகம் வேண்டும். ஆகவே 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை, நிக்கல் காசில் நிக்கலே இல்லை! 56 பங்கு செம்பு, 35 பங்கு வெள்ளி, 9 பங்கு மாங்கனீசு. போர் முடிந்ததும் இந்தக் காசுகளை எளிதாகப் பிரித்தெடுக்க, மான்டிசெல்லோவின் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்தில், அச்சான ஊரைக் காட்டும் நாணயச்சாலைக் குறியைப் பொறித்தார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே ஃபிலடெல்பியாவின் பி என்ற குறி ஒரு காசில் ஏறியது அப்போதுதான். 1943-ல் அங்கே அச்சானவை 27 கோடிக்கு மேல். அவற்றுள் ஒரு டையின் காசுகளில் ஜெஃபர்சனின் கண் இரட்டையாக இருக்கிறது. ஒரு கண்ணை ஒட்டி இன்னொரு கண்ணின் சாயல். சேகரிப்பாளர்கள் அதை இரட்டைக் கண் என்றே அழைக்கிறார்கள்.

அதே 1943-ல் இன்னொரு விந்தையும் உண்டு. 3 என்ற எண்ணுக்கு அடியில் 2 ஒளிந்திருக்கும். எப்படி? ஆண்டு இறுதியில், நடப்பு ஆண்டின் டைகளும் வரப்போகும் ஆண்டின் டைகளும் பட்டறையில் ஒருங்கே தயாராகும். ஒரு டையை முதலில் 1942 ஹப்பில் அழுத்தினார்கள். சூடேற்றித் திரும்பக் கொண்டுவந்தபோது 1943 ஹப்பில் வைத்துவிட்டார்கள். இதுவும் இரட்டை அச்சில் ஒரு வகைதான். 1918-ல் டென்வரில் அச்சான எருமை நிக்கலில் 8-க்கு அடியில் 7 தெரிவதும் இதே காரணத்தால்தான். 1917 முடிந்து 1918 பிறக்கும் நேரம், முதல் உலகப் போர்க் காலம், சில்லறைக்குப் பெரும் தேவை, கைகளுக்கு ஓய்வில்லை. வேலைச் சுமையில் ஒரு தொழிலாளி எந்த ஹப்பை எடுத்தார் என்பதை, நூறு ஆண்டு கடந்தும் அந்தக் காசு நமக்குச் சொல்கிறது. பெயர் தெரியாத ஓர் உழைப்பாளியின் கை அசைவைப் பதிந்து வைத்திருக்கும் ஆவணம் அது. வரலாற்று நூல்களில் அவருக்கு இடமில்லை. காசில் இடம் இருக்கிறது!

அன்பர்களே, இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த உரையின் உயிர்ப்பகுதி. லென்ஸ் வாங்கி உட்கார்ந்த முதல் நாளே உங்களுக்கு இரட்டை எழுத்துகள் கிடைக்கும். ஒன்றல்ல, பல கிடைக்கும். மனம் துள்ளும். பொறுங்கள்! அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இரட்டை அச்சாக இருக்காது. பின் அவை என்ன?

காசு அடித்து முடிந்த அதே கணத்தில், தளர்ந்த டை சற்றே ஆடினால், புதிதாக எழுந்த எழுத்தின் ஓரத்தை அது தட்டிச் சாய்த்துவிடும். இதை இயந்திர இரட்டிப்பு என்கிறோம். இன்னொன்றும் உண்டு. நிக்கல் கலவை கடினமானது. டையை விரைவில் தேய்த்துவிடும். தேய்ந்த டையில் எழுத்தோரங்கள் கரைந்து, காசில் இரட்டைபோலத் தெரியும். இது தேய்மான இரட்டிப்பு. இரண்டுக்கும் சேகரிப்பில் தனி மதிப்பு இல்லை. உண்மை எது, போலித் தோற்றம் எது என்று எப்படிப் பிரிப்பது?

எழுத்தின் மூலையைப் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு எழுத்துகளும் உருண்டு, முழுமையாக, மேடாக நிற்கும். மூலைகளில் சிறு பிளவு தெரியும். எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். இயந்திர இரட்டிப்பிலோ எழுத்து மெலிந்திருக்கும், ஓரம் தட்டையாகப் படிக்கட்டுபோல் இறங்கும். ஏன் இந்த வேறுபாடு? முன்னதில் எழுத்து இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. பின்னதில் இருந்த எழுத்தின் ஓரம் நசுங்கியிருக்கிறது. சேர்ந்தால் தடிக்கும், நசுங்கினால் மெலியும். செய்முறை தெரிந்தவர்க்கே பிழை தெரியும்!

இன்னொரு சோதனை. என்னைக் கேட்டால் இதுதான் மிக அழகானது. 1980-கள் முடியும்வரை நாணயச்சாலைக் குறி ஹப்பில் இல்லை. டை உருவான பிறகு, ஒரு தொழிலாளி கையால் குத்திப் பதிப்பார். அப்படியானால், ஹப் விலகியதால் வந்த இரட்டிப்பு அந்தக் குறியைத் தொடுமா? தொடாது! போர்க்கால நிக்கலை எடுங்கள். 1945-ல் ஃபிலடெல்பியாவில் அச்சான காசுகளில் பின்பக்கம் இரட்டை அச்சானவை பல உண்டு. கீழே மான்டிசெல்லோ என்ற எழுத்துகள் இரட்டையாக இருக்க, மேலே பெரிய பி ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும். அதே பக்கத்தில் குறியும் எழுத்தும் ஒரே திசையில் தட்டையாக இரட்டித்திருந்தால், ஆடியது டை. ஹப்மீது பழியில்லை. நீதிபதி சாட்சிகளை விசாரிப்பதைப் போல் வரிசையாக விசாரிக்க இந்தக் காசு நமக்குக் கற்றுத் தருகிறது.

இப்போது, நெஞ்சில் குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஒரு டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு விழும். இதன் பொருள் என்ன? உங்களிடம் உள்ள காசு உண்மையென்றால், அதே டையில் பிறந்த இன்னொரு காசு வேறு யாரோ ஒருவர் கையில் இருக்க வேண்டும். அதிலும் அதே பிளவு, அதே இடத்தில் இருக்க வேண்டும். டையில் விழுந்த கீறலும் வெடிப்பும்கூட ஒத்துப்போனால் இன்னும் உறுதி. இயந்திர இரட்டிப்போ காசுக்குக் காசு மாறும்.

ஆகவே ஒருவர் தனியே அமர்ந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது. இரண்டாமவர் பார்க்க வேண்டும். மூன்றாமவர் ஒப்பிட வேண்டும். 1983-ல் உருவான கொனேகா என்ற பிழைநாணயச் சேகரிப்பாளர் அமைப்பு இப்படிப்பட்ட டைகளை எண்ணிட்டுப் பட்டியலிடுகிறது. பில் ஃபிவாஸ், ஜே. டி. ஸ்டான்டன் இருவரும் எழுதிய செர்ரிபிக்கர்ஸ் கைடு என்ற நூலில் படத்தோடு விளக்கம் இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் காட்டி, மறுத்து, ஒப்பிட்டு எழுப்பிய அறிவு. அரசாங்கம் தவறவிட்டதைச் சாதாரண மக்கள் கவனித்து, சான்றோடு நிறுவியிருக்கிறார்கள். அறிவியல் வேறு எப்படி வளர்கிறது?

மாணவச் செல்வங்களே, தேடும் முறையைச் சொல்கிறேன். அமெரிக்க வங்கியில் 2 டாலர் கொடுத்தால் 40 நிக்கல் கொண்ட ஒரு சுருள் கிடைக்கும். 100 டாலர் கொடுத்தால் 50 சுருள், 2,000 காசுகள் கொண்ட பெட்டி. பார்த்து முடித்ததை அதே மதிப்புக்குத் திருப்பிக் கொடுக்கலாம். செலவு நேரம் மட்டுமே. முதலில் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால், அது போர்க்காலக் காசாக இருக்கலாம், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். விளக்கொளி பக்கவாட்டில் விழட்டும். காசை மெல்லத் திருப்புங்கள், ஒளி மாறும்போது போலி நிழல் மறையும், உண்மை மேடு மறையாது. ஒவ்வொரு காசிலும் ஒரே வரிசையில் பாருங்கள்: தேதி, லிபர்ட்டி என்ற சொல், கண், பிறகு திருப்பி மான்டிசெல்லோ, அதன் கீழ் எழுத்துகள். வரிசை மாறாத கண்தான் சோராத கண்.

எதைச் செய்யக்கூடாது? காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போகும். தேதி தேய்ந்த எருமை நிக்கலில் அமிலம் விட்டுத் தேதியை எழுப்புகிறவர்கள் உண்டு. தேதி தெரியும், ஆனால் மேற்பரப்பு நிரந்தரமாகப் புண்ணாகும். சந்தேகம் உள்ள காசை உறுதியான இரட்டை அச்சு என்று சொல்லி ஒருநாளும் விற்காதீர்கள். காசை வாசிக்கக் கற்றவருக்கு, கல்லாதவரிடம் உண்மை பேசும் கடமை கூடுகிறது.

1990-களில் அமெரிக்க நாணயச்சாலைகள் ஒரே அழுத்தில் டையை முடிக்கும் முறைக்கு மாறத் தொடங்கின. அத்துடன் பழைய வகைப் பெரிய இரட்டிப்புகள் அரிதாயின. ஆனாலும் பிழை முற்றாக ஒழிந்ததா? இல்லை. ஹப்பின் அடியில் எஃகு சற்றே சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏற ஏற நேராகும்போது, காசின் நடுப்பகுதியில் சிறு இரட்டிப்பு இன்றும் விழுகிறது. முறை மாறியது, பிழையின் இடமும் மாறியது. பழைய முறையை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஓரத்து எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிய முறையைப் புரிந்துகொண்டவர் நடுவில் தேடுவார்.

பெரியோர்களே, நிறைவுக்கு வருகிறேன். இந்தத் தேடலில் எல்லோருக்கும் 1916 கிடைக்காது. பல பெட்டிகளைப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் அந்த நேரம் வீணா? நான் இல்லை என்பேன். ஒரு கருத்தைக் கேட்டவுடன் ஏற்காமல், இது எப்படி உருவானது என்று கேட்கும் பழக்கம் கிடைக்கிறதே! விரும்பிய விடை கையில் இருந்தும், இது இயந்திர இரட்டிப்பு என்று தனக்குத்தானே மறுத்துச் சொல்லும் நேர்மை கிடைக்கிறதே! தான் கண்டதைப் பிறர் சோதிக்கட்டும் என்று மேசையில் வைக்கும் பணிவு கிடைக்கிறதே! இவை மூன்றும் வாய்த்த மனிதரை எந்தப் பொய்யும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆகவே உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கையில் ஒரு லென்ஸைக் கொடுங்கள். விலைப்பட்டியலைக் கொடுக்கும் முன் செய்முறையைச் சொல்லிக் கொடுங்கள். கண்டதைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்னொருவரிடம் காட்டச் சொல்லுங்கள். மறுப்பு வந்தால் மகிழ்ச்சியோடு கேட்கச் சொல்லுங்கள். இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறாத டைகள் உண்டு, அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை, ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற அதிகாரமோ செல்வமோ தேவையில்லை. அறிந்து பார்க்கும் கண் ஒன்று போதும். அந்தக் கண்ணை வளர்ப்போம்!